மேலைக் கக்கடி ஊரார் எங்கே?

டிராம்பே சீட்டா கேம்ப்பில் எங்கள் தெரு முடியும் இடத்தில் கடற்கழி தொடங்குகிறது. அந்தச் சேற்றுக் கரையில் நின்று தெற்கே நோக்கினால் காராபுரித் தீவின் குன்றுகள் தெரியும். எலிபண்டா என்று உலகம் அழைப்பது அதுவே. வடக்கே கழி தாணாவை நோக்கி நீண்டு செல்லும். தாணாவுக்கு அப்பால் உல்லாஸ் ஆற்றின் கரையில் இருப்பது கல்யாண். இன்று ரெயில் மாறும் நிலையமாகவே நாம் அறிந்துள்ள கல்யாண், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் யவனக் கப்பல்கள் தேடிவந்த துறைமுகம். கடலிலிருந்து அங்கே செல்ல இரண்டு நீர்வழிகள் உண்டு. ஒன்று வசாய்க் கழி; மற்றொன்று எங்கள் வாசலில் கிடக்கும் இந்தத் தாணாக் கழி.

சென்ற ஆண்டு கல்லூரி நூலகத்தில் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டைப் பற்றிய ஒரு நூலைப் படித்தேன். இன்காப் பேரரசு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, வாரி, திவனாக்கு என்னும் இரண்டு அரசுகள் பெரு நாட்டிலுள்ள மொக்கேகுவா என்ற ஒரே பள்ளத்தாக்கில் தத்தம் மக்களைக் குடியேற்றி எதிரெதிராக இருந்தன என்று அந்நூல் கூறியது. படித்து முடித்ததும் ஒரு வினா எழுந்தது. இரண்டு அரசுகள் ஒரே நிலத்தின்மீது கால் ஊன்றினால், அந்த நிலத்தில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவன் என்ன ஆவான்?

இவ்வினாவுக்கு விடை தேட நான் பெரு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று பேராசிரியர் கூறினார். நாசிக்குக்கு ஒரு ரெயில் சீட்டு வாங்கினால் போதும் என்றார். வாங்கினேன். அங்கே கண்டதையும், அதைப் பற்றிப் பின்னர் கற்றதையும் சங்க அன்பர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறேன்.

போட்டிக்குக் காரணம் என்ன?

கல்யாணைத் தாண்டிய ரெயில் காசாராவில் மலையடியை அடைகிறது. பல வண்டிகளுக்கு அங்கே பின்னாலும் எஞ்சின் பூட்டித்தான் இகத்புரிக்கு ஏற்றுகிறார்கள். இந்தத் தால் கணவாய் புதிய வழி அன்று. சோபாரா, கல்யாண் ஆகிய துறைமுகங்களிலிருந்து தக்காண மேட்டுநிலத்துக்குப் பொதி மாடுகள் ஏறிய பழைய வழிகளுள் ஒன்று அது. மலை ஏறியதும் வரும் நாடு அக்காலத்தில் கோவர்த்தனம் எனப்பட்டது. இன்றைய நாசிக் பகுதியே அது. கோவர்த்தனம் எவர் கையில் உள்ளதோ, கணவாய் அவர் கையில். கணவாய் எவர் கையில் உள்ளதோ, துறைமுகத்தின் வருவாய் அவர் கையில்.

இந்தக் கணவாய்களைப் பிடிக்கப் போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர், கோதாவரிக் கரையிலுள்ள பைத்தானைத் தலைநகராகக் கொண்ட சாதவாகனர். சிலப்பதிகாரம் நூற்றுவர் கன்னர் என்று குறிப்பது இந்தச் சாதகர்ணிகளையே என்பது அறிஞர் பலருடைய கருத்து. மற்றவர், வடமேற்கிலிருந்து வந்த சகர் இனத்தைச் சேர்ந்த க்ஷகராதச் சத்ரபர்கள். அவர்களுள் பெரிய அரசன் நகபானன்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிபுளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு இப்போட்டியைக் கடலிலிருந்து நமக்குக் காட்டுகிறது. கல்யாண் முன்பு முறையான சந்தையாக இருந்தது. பின்னர் சந்தனேஸ் என்பவன் கைக்கு அது வந்தபின் வணிகம் தடைப்பட்டது. தற்செயலாக அங்கே ஒதுங்கும் கிரேக்கக் கப்பல்களையும் காவலுடன் பரிகச்சத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று அந்நூல் கூறுகிறது. பரிகச்சம் என்பது குஜராத்திலுள்ள இன்றைய பரூச். சந்தனேஸ் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நம் கழிமுகத்தில் ஒரு முற்றுகை நடந்தது என்பதில் ஐயமில்லை.

நகபானன் மருமகன் செய்த கொடை

நாசிக் நகருக்குத் தெற்கே எட்டுக் கல் தொலைவுக்கு உட்பட்ட ஒரு குன்றில் 24 குகைகள் வரிசையாகக் குடையப்பட்டுள்ளன. பாண்டவர் குகைகள் என்று ஊரார் அழைத்தாலும், அவை பௌத்தத் துறவியர் வாழ்ந்த பள்ளிகள். திரிரசிமி மலை என்பது கல்வெட்டுகளில் அதன் பெயர்.

பத்தாம் எண் குகையின் முன் தாழ்வாரச் சுவரில் நீண்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை வெட்டுவித்தவன் உஷவதாதன். நகபானனின் மகள் தக்ஷமித்திரையை மணந்தவன். தன் கொடைகளை அவன் பட்டியலிட்டுள்ளான். ஆறுகளில் கட்டணமில்லாத ஓடங்கள் விட்டான். தபதி, தமண், டகாணு ஆகிய ஆறுகள் அப்பட்டியலில் உள்ளன. பரிகச்சத்திலும் சோபாராவிலும் கோவர்த்தனத்திலும் வழிப்போக்கர்க்கு விடுதிகள் கட்டினான். 32,000 தென்னைகள் கொடுத்தான். இந்தக் குகையையும் குடைவித்தான்.

என்னை நிறுத்திப் படிக்கவைத்தது அவன் போட்ட வைப்பு நிதி. கோவர்த்தனத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் 2,000 கார்ஷாபணமும், மற்றொரு நெசவாளர் சங்கத்தில் 1,000 கார்ஷாபணமும் முதலீடு செய்தான். கார்ஷாபணம் என்பது வெள்ளிக் காசு. முதலை எடுக்கக் கூடாது. வட்டியை மட்டுமே செலவிடலாம். முதல் சங்கம் மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி தரவேண்டும். இரண்டாவது சங்கம் நூற்றுக்கு முக்கால். முதல் சங்கத்தின் வட்டியைக் கொண்டு குகையில் மழைக்காலம் கழிக்கும் 20 துறவியர்க்கு ஆளுக்கு 12 காசு ஆடைக்காக அளிக்கவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 2,000 காசுக்கு ஓராண்டு வட்டி 240, இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் 240. ஒரு காசும் பிசகவில்லை.

இக்கொடை வெறும் அறச் செயல் அன்று. புதிதாக வந்த அரசு ஓர் ஊரில் வேர்விடும் முறை இது. ஓடக்காரனும் நெசவாளியும் துறவியும் வணிகனும் ஒரு கொடையால் தன்னோடு பிணைக்கப்படுகிறார்கள். படையால் பிடித்த நாட்டை அறத்தால் இருத்திக்கொள்ள முயன்றான் உஷவதாதன்.

வென்றவர் செய்தது என்ன?

நகபானனின் காலத்துக் கல்வெட்டுகளில் 41 முதல் 46 வரையுள்ள ஆண்டுகள் காணப்படுகின்றன. அவை சக ஆண்டுகள் என்பார் கணக்கில் அது கி.பி. 119 முதல் 124 வரை. பெரிபுளூஸ் குறிப்பிடும் அரசன் இவனே என்பார் அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னே கொண்டுசெல்வர். எப்படியாயினும் அதற்குப் பின் கௌதமிபுத்திர சாதகர்ணி என்னும் சாதவாகன மன்னன் நகபானனை வென்றான்.

அவன் இறந்தபின், புலுமாவி மன்னனின் 19-ஆம் ஆட்சி ஆண்டில், கௌதமிபுத்திரனின் தாய் கௌதமி பாலஸ்ரீ அதே குன்றில் மூன்றாம் எண் குகையைக் கொடையாக அளித்தாள். தன் மகன் க்ஷகராதர் குலத்தை வேரறுத்தவன். சகரையும் யவனரையும் பகலவரையும் அழித்தவன் என்று அங்கே எழுதுவித்தாள். படித்தால், பகைவர் சுவடே இல்லாமல் போயினர் என்று தோன்றும்.

ஆனால் சுவரிலிருந்து கண்ணை எடுத்துத் தூண்களைப் பாருங்கள். வென்றவர் எடுத்த மூன்றாம் குகை, தோற்றவர் எடுத்த பத்தாம் குகையைப் பார்த்தே அமைக்கப்பட்டுள்ளது. மணியைக் கவிழ்த்தது போன்ற அதே போதிகை; அதன்மேல் அமர்ந்த விலங்குகள்; அதே தாழ்வாரம்; அதே மண்டபம். பகைவனின் குலத்தை அழித்ததாகச் சொல்லும் கல்லே பகைவனின் கட்டடக் கலையைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது சான்று காசு. 1906-ஆம் ஆண்டில் நாசிக்குக்கு அருகே ஜோகல்தெம்பி என்னும் சிற்றூரில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் 13,250-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. எல்லாம் நகபானன் காசுகள். அவற்றுள் ஏறத்தாழ 9,270 காசுகளில், நகபானனின் தலை உருவத்தின்மேலேயே கௌதமிபுத்திரனின் மலைச் சின்னம் அடிக்கப்பட்டிருந்தது. வென்றவன் காசை உருக்கவில்லை. மேலே முத்திரை குத்தி, அதையே மீண்டும் சந்தைக்கு விட்டான். சின்னத்தின் கீழே பழைய மூக்கும் கன்னமும் இன்றும் தெரிகின்றன.

மூன்றாவது சான்று கார்லே. லோணாவளாவுக்கு அருகிலுள்ள அந்தக் குகைப் பள்ளிக்குக் கரஜிகம் என்னும் ஊரை உஷவதாதன் கொடுத்தான் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. அதே பள்ளிக்கு அதே ஊரைக் கொடுப்பதாகச் சாதவாகனர் ஆணையும் அங்கேயே வெட்டப்பட்டுள்ளது. துறவியர்க்கு ஊர் ஒன்றுதான். கொடையாளி மட்டும் இருவர்.

பகை எப்படி முடிந்தது?

க்ஷகராதர் போனபின் கார்தமகர் என்னும் வேறொரு சத்ரபக் குடி எழுந்தது. அக்குடியின் ருத்திரதாமன், தக்காண வேந்தன் சாதகர்ணியை இருமுறை வென்றும், நெருங்கிய உறவினன் என்பதால் அழிக்காமல் விட்டதாக, கி.பி. 150-ஐ ஒட்டிய ஜுனாகட் கல்வெட்டில் கூறிக்கொள்கிறான். அது என்ன உறவு? விடை நம் மும்பையிலேயே இருக்கிறது. போரிவலிக்கு அருகே கானேரிக் குகைகளில், ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேலே உள்ள கல்வெட்டு, வாசிட்டிபுத்திர சாதகர்ணியின் அரசியைக் கார்தமகர் குலத்தவள், ஒரு மகாசத்ரபனின் மகள் என்று குறிக்கிறது. பகைவர்கள் சம்பந்திகள் ஆகிவிட்டார்கள்.

பின்வந்த சாதவாகன மன்னர் சிலர், சத்ரபரைப் பின்பற்றித் தம் தலை உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளும் வெளியிட்டனர். அவற்றின் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கம் ஒரு தென்மொழி. அது தமிழே என்று இரா. நாகசாமி, ஐராவதம் மகாதேவன் போன்றோர் படித்தனர். பழந்தெலுங்கு என்பாரும் உளர். மகன் என்னும் சொல் அதில் வருவதை நம்மவர் எவரும் எளிதில் இனங்காண்பர்.

சகர் அழிந்தனர் என்றாளே பாலஸ்ரீ? மூன்றாம் நூற்றாண்டில், சாதவாகனரும் மறைந்து ஆபீர அரசன் ஈசுவரசேனன் ஆண்டபோது, அதே நாசிக் குன்றில் விஷ்ணுதத்தை என்னும் பெண் கோவர்த்தனத்துத் தொழிற் சங்கங்களில் பணம் வைத்தாள். நோயுற்ற துறவியர்க்கு மருந்துக்காக. குயவர் சங்கமும் எள் ஆட்டுவோர் சங்கமும் அதில் அடங்கும். தன்னை அவள் எப்படிக் குறிக்கிறாள் தெரியுமா? சகப் பெண் என்றே குறிக்கிறாள்.

ஆக, அரசர்களின் கல்வெட்டு அழிவைப் பேசுகிறது. காசும் தூணும் சங்கமும் தொடர்ச்சியைப் பேசுகின்றன. இதுவரை கண்டதைக் கொண்டு, கொடி மாறினாலும் வாழ்வு மாறவில்லை என்று முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் முடிக்க எண்ணினேன். மூன்றாம் குகையிலுள்ள இரண்டு சிறிய கல்வெட்டுகள் என்னைத் தடுத்தன.

ஒரு வயலின் கதை

இனிச் சற்றுப் பின்னே செல்வோம். நகபானனை வென்ற கையோடு, தன் 18-ஆம் ஆட்சி ஆண்டில், கௌதமிபுத்திரன் படை முகாமிலிருந்து கோவர்த்தனத்து அமைச்சன் விஷ்ணுபாலிதனுக்கு ஓர் ஆணை அனுப்பினான். மேலைக் கக்கடி என்னும் ஊரில் இதுவரை உஷவதாதன் அனுபவித்துவந்த 200 நிவர்த்தன வயலைத் திரிரசிமித் துறவியர்க்குக் கொடுத்தோம் என்பது ஆணை. இவன் நகபானனின் மருமகனே என்பது பெரும்பாலோர் கருத்து. அந்த வயலுக்குச் சலுகைகளும் உண்டு. அரச அலுவலர் அதில் நுழையக் கூடாது; எவரும் இடையூறு செய்யக் கூடாது; உப்புக்காகத் தோண்டக் கூடாது. வடாலா உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கடைசிச் சலுகையின் பொருள் விளங்கும்.

ஆறு ஆண்டுகள் சென்றன. 24-ஆம் ஆட்சி ஆண்டில் அதே சுவரில் இன்னோர் ஆணை. இம்முறை அரசனும் அவன் தாயும் சேர்ந்து, சாமகன் என்னும் அமைச்சனுக்கு அனுப்புகிறார்கள். கக்கடி ஊரில் முன்பு ஒரு வயல் கொடுத்தோம். அந்த வயல் உழப்படவில்லை. அந்த ஊரில் குடியும் இல்லை. ஆகவே நகர எல்லையிலுள்ள அரச நிலத்தில் 100 நிவர்த்தனம் மாற்றாகக் கொடுக்கிறோம். இவ்வளவே அதன் சாரம்.

அந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். தூணில் தொடர்ச்சி இருக்கிறது, காசில் தொடர்ச்சி இருக்கிறது, வயலில் இல்லை. துறவியர்க்கு மாற்று நிலம் கிடைத்தது. அரசனுக்குப் புண்ணியம் கிடைத்தது. மேலைக் கக்கடியில் உழுதவர்களுக்கு என்ன கிடைத்தது? போரில் இறந்தனரா? வரிக்கு அஞ்சி ஓடினரா? பழைய தலைவனோடு சென்றனரா? கல்வெட்டு காரணம் கூறவில்லை. ஊர் ஒழிந்ததைக் கூட அது துயரமாகச் சொல்லவில்லை. கொடை பயன்படாமற் போயிற்றே என்னும் கணக்குக் குறையாகவே சொல்கிறது.

மொக்கேகுவா கற்பிக்கும் பாடம்

இப்போது பெரு நாட்டுப் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். கி.பி. 600-ஐ ஒட்டி வாரி அரசின் மக்கள் அங்கே வந்து, செரோ பவுல் என்னும் செங்குத்தான மேசை மலையின் உச்சியில் ஊர் அமைத்தனர். பள்ளத்தாக்கிலிருந்து அது ஏறத்தாழ 600 மீட்டர் உயரம். மேலே ஊற்று இல்லை. குடிக்கும் நீரையும் சுமந்துதான் ஏறவேண்டும். கீழே, ஆற்றின் நடுப்பகுதியில், டிட்டிகாக்கா ஏரிப் பக்கத்துத் திவனாக்கு மக்கள் ஓமோ முதலிய ஊர்களில் வாழ்ந்தனர். மேலே இருப்பவர் வாய்க்கால் வெட்டினால் கீழே இருப்பவர்க்குத் தண்ணீர் குறையும். இப்படிப்பட்ட நிலையிலும் நெடுங்காலம் அவர்கள் அருகருகே இருந்தனர். செரோ பவுல் சரிவிலேயே திவனாக்குக் குடியினர் சிலர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன.

இவை எப்படித் தெரிந்தன? அந்த இரு அரசுகளுக்கும் எழுத்து இல்லை. பாலஸ்ரீயைப் போல எவரும் சுவரில் புகழ் எழுதிவைக்கவில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர் அடுப்பையும் வாய்க்காலையும் குப்பைக் குழியையும் தோண்டினர். மலையுச்சியில், ஒரே முறையில் ஆயிரம் லிட்டருக்கு மேல் சிச்சா என்னும் பானம் காய்ச்சத்தக்க ஒரு மதுச்சாலையைக் கண்டனர். அங்கே சிந்திக் கிடந்த சால்வை ஊசிகளைக் கொண்டு, காய்ச்சியவர்கள் பெண்கள் என்று அறிந்தனர். ஏறத்தாழ கி.பி. 1000-இல் வாரியர் அந்தச் சாலையைத் தாமே சடங்காகத் தீயிட்டு, குடித்த குவளைகளை உடைத்தெறிந்து வெளியேறினர் என்பதையும் சாம்பலே சொல்லிற்று.

கீழேயிருந்த திவனாக்கு ஊர்களும் அக்காலத்தை ஒட்டிப் பாழாயின. ஆனால் அந்த மக்கள் எங்கே போயினர் என்பது தெரியும். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, பாதுகாப்பான மேட்டு இடங்களில் புதிய சிற்றூர்கள் அமைத்தனர். அங்கே கிடைத்த மட்கலங்கள் பழைய வனைமுறையை விடவில்லை. ஊரை இழந்தவர் கையில் பானை வனையும் பழக்கம் மட்டும் கூடவே சென்றது. அதைக் கொண்டே அவர்களைத் தொடர்ந்து செல்ல முடிந்தது.

எழுத்து இல்லாத நாட்டில் எளிய மக்களின் சுவடு கிடைக்கிறது. எழுத்து நிறைந்த நம் நாட்டில் அது மறைகிறது. கல்வெட்டு இருக்கிறதே என்று நாம் குகையோடு நின்றுவிடுவதும் அதற்கு ஒரு காரணம் அன்றோ? 1950-51-இல் எச். டி. சங்காலியாவும் எஸ். பி. தேவும் நாசிக் நகரின் மண்மேட்டை அகழ்ந்து வழிகாட்டினர். நகரங்களுக்குச் செய்தது போலச் சிற்றூர்களுக்கும் செய்தால்தான், கக்கடிபோன்ற ஊர்களின் அடுப்புகள் நமக்குப் பேசும்.

நம் கையில் உள்ளது

இதை ஏன் இவ்வளவு விரித்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். என் பாட்டி நெல்லைச் சீமையிலிருந்து இங்கே வந்தவர். 1976 வரை டிராம்பேக்கு அருகே ஜனதா காலனியில் வாழ்ந்தார். அந்த ஆண்டு மே மாதம் அக்குடியிருப்பு முழுதும் அகற்றப்பட்டது. மக்கள் இன்றைய சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். நாசிக்கிலிருந்து திரும்பிய இரவு, கக்கடியைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். அவர் கல்வெட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ஊர்ப் பொம்பளைங்க அம்மியைத் தூக்கிட்டுப் போனாங்களா, போட்டுட்டுப் போனாங்களா?" என்று கேட்டார். எங்கள் அடுக்களையில் இன்றும் இருக்கும் அம்மி, ஊரிலிருந்து ஜனதா காலனிக்கும் அங்கிருந்து இங்கேயும் அவர் தலைச்சுமையாக வந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தொல்பொருள் ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்று நான் நினைக்கிறேன். அம்மி பாழ் வீட்டிலேயே கிடந்தால் மக்கள் அவசரமாக ஓடினர் என்று பொருள். இல்லையென்றால் எண்ணிப் பார்த்துப் புறப்பட்டனர் என்று பொருள். கக்கடியைப் பற்றி அதை இனி மண்தான் சொல்ல வேண்டும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டிராம்பேயிலும் வாழும் நம் முதியோரைப் பற்றி நாமே இன்று கேட்டு எழுதலாம்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் நான்கு வினாக்கள் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஊர்? எந்த ஆண்டு புறப்பட்டீர்கள்? மும்பையில் எத்தனை இடம் மாறினீர்கள்? கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? அவற்றைத் தொகுத்து அடுத்த மலரில் வெளியிடுவோம். முதல் தாளில் என் பாட்டியின் அம்மியை நான் எழுதித் தருகிறேன்.